பருவதமலைக்குக் கட்டிய பை

சென்னைக்கு வெளியே, கம்பெனிகள் நிறைந்த பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். நான் ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். அவர் வேறொரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் பருவதமலை ஏறி உச்சியில் ஓர் இரவு தங்கி வரவேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். ஆயுதபூஜை லீவில் கிளம்புவதாக முடிவானது.

படப்பைக்குப் போய்த் தோளில் மாட்டும் பையும் டார்ச்சும் வாங்கிவந்தோம். மேலே கடை இருக்காது என்று அவல், கடலைமிட்டாய், போர்வைகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் அவரே திணித்துக் கட்டினார்.

“மாட்டிக்கிட்டு மொட்டமாடிக்கு ஏறிப் பாப்பமால?” என்றார்.

நான் முன்னால் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், பாதிப் படியில் சுவரைப் பிடித்தபடி நின்றார். மூச்சு இழுத்தது. “பை கனம்” என்று இறங்கிப்போய்த் தண்ணீரை வெளியே எடுத்து வைத்தார். மறுபடி ஏறினார். அதே படியில் நின்றார். போர்வைகளை எடுத்தார், பிறகு அவலை. துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா, “இன்னாப்பா, அவருக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார். கடைசியில் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினார். அப்படியும் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எப்பருந்து அண்ணாச்சி?”

“கோடையிலருந்தே. பெயின்ட் அடிக்கையில மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது, போடலன்னா இருமுது.”

“டாக்டர்ட்ட போனீங்களா?”

“போனேன். வேலய விடுன்னாரு. விட்டுட்டு எங்கல போக?” பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மலை ஏறிட்டா, ஒண்ணுமில்லன்னு நானே நம்பிக்கிடலாம்னு பாத்தேன்.”

லீவு முழுக்க அறையிலேயே கிடந்தோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லீவு முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். போகாதீங்க என்று கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு போனார்.

பொங்கலுக்குள் பஸ் ஸ்டாப் வரைகூட நடக்க முடியாமல் போயிற்று. நான்தான் ஊரில் கொண்டுபோய் விட்டேன். ஆடி பிறக்குமுன் இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் வேலைபார்த்த கம்பெனி வழியாகத்தான் என் பஸ் போனது. அவர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட் முன்னால் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.