றெஜியின் முழங்கால்கள்

நான் விழுந்தபோது அங்கே பயிற்சியாளர் இருந்தார், அணியின் வைத்தியர் இருந்தார், என் இடத்துக்கு அடுத்த ஆளாகக் காத்திருந்த றெஜி இருந்தான். அம்மாவும் அப்பாவும் இல்லை. அப்பாவுக்கு உணவகத்தில் வேலை. அம்மா என் ஆட்டம் எதற்கும் ஒருநாளும் வந்ததில்லை.

யாரும் என்னை மோதவில்லை. பயிற்சியில் இடப்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ டப் என்று அறுந்தது.

அமெரிக்கக் காற்பந்தில் நான் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்து போகும் பக்கத்தை ஊகித்துப் பாய்ந்து, அதைக் கொண்டு ஓடுபவனை விழுத்துகிறவன்). எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக அணியில் ஆடி, அந்தக் கோடையில்தான் மொன்ட்ரியாலின் தொழில்முறை அணிக்குள் வந்திருந்தேன்.

அறுந்தது முன்சிலுவை நார் (முழங்காலுக்குள் குறுக்காகக் கிடந்து மேல், கீழ் எலும்புகளைப் பிடித்து வைத்திருப்பது). அது தானாக ஒட்டாது, வேறொரு தசைநாணை எடுத்துப் பொருத்த வேண்டும் என்றார் வைத்தியர். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“என்ர காலில எடுக்கச் சொல்லு. எனக்கு இனி என்னத்துக்கு?”

அதையும் மொழிபெயர்த்தேன். வைத்தியர் சிரிக்கவில்லை. “மகனின் தொடையிலேயே இருக்கிறது, மடாம்” என்றார்.

இதே சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறவர்களுக்கு வீக்கத்தைப் பற்றியும் ஊன்றுகோலைப் பற்றியும் வைத்தியர்கள் சொல்லித் தருவார்கள். பொறாமையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்குக் காலைவிட அதுதான் கூட நொந்தது.

ஒவ்வொரு முறையும் பந்து அசையுமுன் யார் எங்கே நிற்பது என்று கத்திச் சொல்வது நடு லைன்பேக்கரின் வேலை, அது என் இடம். அந்தக் குறிச்சொற்களை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். றெஜிக்கு வேகம் இருந்தது, குறிச்சொற்கள் மனதில் நிற்கவில்லை. மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ் ஏறி, கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய ஆட்டங்களை டிவிடியில் ஓட விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். நான் சோபாவில், வெட்டித் தைத்த கால் தலையணை மேல். அவன் தரையில் சப்பாணி கட்டி இருப்பான். திரையை விட்டுவிட்டு அவன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டும் சத்தமில்லாமல் மடியும், சத்தமில்லாமல் நிமிரும்.

அம்மா அவனுக்குப் புட்டைக் குவித்து வைப்பார்.

“வடிவாச் சாப்பிடு, தம்பி.”

“மெர்சி, அம்மா” என்று பிரெஞ்சில் நன்றி சொல்வான்.

அவன் போனபிறகு கேட்டேன். “அவனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?”

“அவன் ஓடுற பிள்ளை. நீ படுத்தெல்லோ கிடக்கிறாய்.”

என் இடத்தில் அவன் இறங்கிய முதல் ஆட்டத்தன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே தொலைக்காட்சி முன்னால் அம்மாவின் குரல். “எழும்படா, எழும்பு.” ஊன்றுகோலோடு போனேன்.

“என்ர ஆட்டம் ஒண்டும் நீங்கள் பாக்கேல்லை. இவன்ரயை இருந்து பாக்கிறியள்.”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன்ரயை எப்பிடியடா பாக்கிறது? ஒவ்வொருத்தனா வந்து உனக்கு மேல விழுவாங்கள். இது மற்றவள் பெத்த பிள்ளை, பாக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்ப பழகீட்டன். நீ சுகமாகி வா. உன்ரயையும் பாப்பன்.”

அதற்குப் பிறகு காலைத் தேற்றச் சொல்லித் தந்த ஒரு பயிற்சியையும் நான் தவறவிடவில்லை. கால் மடிந்தது, நடந்தேன், பனி கரைந்த காலத்தில் மெல்ல ஓடினேன்.

நார் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார் வைத்தியர். ஆனால் குருத்தெலும்பு (எலும்புகள் உரசாமல் நடுவில் இருக்கும் மெத்தை) விழுந்த அன்றே சிதைந்துவிட்டது. “நடக்கலாம், ஓடலாம். பாய்ந்து திரும்புகிற வேலையை இது தாங்காது.” அணி என்னை விடுவித்தது.

அன்று அம்மா புட்டை எனக்குக் குவித்து வைத்தார்.

லைன்பேக்கருக்கு முதல் அடி யோசனையை முந்த வேண்டும். இப்போது மெட்ரோப் படியில்கூட யோசனை முதலில் இறங்குகிறது, கால் பின்னால் வருகிறது. றெஜி ஆடும்போது அம்மாவும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. பொறாமை மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது, பக்கத்தில் அம்மாவும் இருக்கிறார்.

வைத்தியச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. எங்களுக்குச் செலவானது தொடையிலிருந்து எடுத்த ஒரு தசைநாணும், அம்மா பார்ப்பதாகச் சொன்ன என் ஆட்டங்களும்தான்.