ஒளித்து வைத்த ஊஞ்சல் அட்டை

எங்கள் பள்ளி சாஆ என்ற சிற்றூருக்குப் போகும் வழியில், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பில் அப்போது என்னிடம் ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்திக்கு ஆட்டிசம். எட்டு வயது, பேச்சு கிடையாது. வேண்டாததைக் கொடுத்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள்.

அவளுக்காகப் பட அட்டைகள் செய்தேன். இரண்டை மேசையில் வைப்பேன். அவள் எதைத் தொடுகிறாளோ அதை உடனே கொடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. முதன்முதலாக மைலோ பானத்தின் படத்தை ஒரு விரலால் தொடவே ஏழு மாதம் ஆனது. அன்று கழிப்பறைக்குப் போய் அழுதேன். பிறகு கடிப்பது குறைந்தது. ஊஞ்சல் அட்டைமேல்தான் அவளுக்குக் கொள்ளை ஆசை. அது மேசைக்கு வந்தால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய அம்மா தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் போய் வேலை செய்பவர். வீட்டிலும் பிள்ளை விரல் நீட்டுகிறாள் என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தச் சமயத்தில் கல்வி இலாகா அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். அவர் முன்னால் பிள்ளை ஊஞ்சலுக்கு ஓடினால் என்ன பாடம் நடத்துகிறேன் என்று நினைப்பார்? நல்ல பெயர் வாங்கும் பைத்தியம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஊஞ்சல் அட்டையைக் கைப்பைக்குள் போட்டேன். வண்ணம் தீட்டும் அட்டையையும் பாசிமணி அட்டையையும் மட்டும் மேசையில் வைத்தேன்.

அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு என் கைப்பையைத் தொட்டாள்.

அதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிக் கேட்கும்? அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். நான் சிரித்த முகத்தோடு அவள் கையைப் பிடித்து, விரலை நீட்டி, வண்ண அட்டைமேல் அழுத்தினேன். அவள் கடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. அதிகாரி "பாகுஸ்", நன்று, என்று மலாயில் பாராட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமைகூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

மறுநாள் முதல் வேலையாக ஊஞ்சல் அட்டையை அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை. ஒரு வாரம் தொடவில்லை.

"வீட்டுலயும் இப்போ கை நீட்ட மாட்டேங்குறா டீச்சர். ஸ்கூல்ல ஏதும் ஆச்சா?" என்று அவள் அம்மா கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன்.

அந்த வருடம் முழுக்க அட்டைகளை வைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் தன் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். அதை நான் எந்த அட்டைமேல் வைக்கப்போகிறேன் என்று காத்திருப்பாள்.