எந்தக் குட்டி?

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவர் மனைவி, இன்னொருவர் தபால்காரர். மற்ற எல்லோருக்கும் அவர் கஷாயம். மூன்றாவது மாடியில் அவர் வீட்டு அடுப்பு எரிந்தால் போதும், ஒரு கசப்பு வாசனை படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிரே என் பஞ்சர் கடை வரைக்கும் வந்து என்னை நலம் விசாரித்துவிட்டுப் போகும். அந்த வாசனைக்குப் பயந்து எங்கள் தெருக் கொசுவெல்லாம் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது என்று நான் சொல்வேன். யாரும் மறுத்ததில்லை.

மருந்து மனிதர்களுக்கு இல்லை. நாய்க்கும் பூனைக்கும்தான். அவர் வீட்டுச் சமையலறையில் பாதி அவருக்கு, பாதி அண்ணிக்கு. அண்ணி கூடத்தில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைப்பவர். "நான் சமைச்சா வாசனைக்கு ஒரு மனுஷன் எட்டிப் பாக்க மாட்டேங்கறான். இவர் சமைச்சா தெரு நாய் பூரா வந்து வாசல்ல வரிசை கட்டுது" என்பார், மெஷினை மிதித்துக்கொண்டே.

எவ்வளவு கிண்டல் செய்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குக் கைப்பக்குவம் உண்டு. ஒரு நாயைக் கொண்டுவந்தால் உடனே மருந்தை நீட்ட மாட்டார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, காதைப் புரட்டிப் பார்ப்பார், உதட்டைத் தூக்கி ஈறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தேடுவார். பிறகு வீட்டுக்காரரைத் திட்டுவார். "தண்ணிக் கிண்ணத்தைக் கழுவி எத்தனை நாள் ஆச்சு? பாதி நோய் அதுலதான் நீந்துது." தினமும் சீப்புப் போட்டு வாரச் சொல்வார். வயிறு சரியில்லை என்றால் வேகவைத்த பூசணிக்காயை உப்பில்லாமல் மசித்துக் கொடுக்கச் சொல்வார். அரிப்பு என்றால் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். நாய் கொழுத்திருந்தால், "இதுக்கு மருந்து உன் கால்லதான் இருக்கு, நடத்திக் கூட்டிட்டுப் போ" என்பார்.

அதற்குப் பிறகுதான் சிவப்பு மூடி பாட்டில். நாய் உண்ணிக்கென்று அவரே காய்ச்சும் எண்ணெய். அதில் ஒன்பது சாமான். என்னென்ன என்று கேட்டுப் பதினோரு வருடமாக நான் வாங்கிக் கொடுத்த தேநீரை ஒன்றாக ஊற்றினால் ஒரு கிணறு நிறையும். அவர் வாயே திறக்கவில்லை. அண்ணிக்கே ஏழுதான் தெரியும்.

பூனைக்கு மட்டும் அந்தப் பாட்டில் கிடையாது. எந்தப் பாட்டிலும் கிடையாது. "பூனைக்கு உடம்பு பூரா நாக்குடா. எங்க தடவினாலும் நக்கி உள்ள தள்ளிடும். அதுக்கு என்கிட்ட சீப்பு மட்டுந்தான்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் விளையாடி நான் பார்த்ததில்லை.

தெருக்கோடியில் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. கஷாயம் அண்ணன் அங்கே பன்னிரண்டு வருடம் உதவியாளாக இருந்தவர். அவர் வளர்த்த கறுப்பு நாய் அங்கே மேஜைமேல் செத்துப்போன வாரம் வேலையை விட்டவர், அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார். "ஊசி போட்டே கொன்னுட்டாங்க" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நாங்களும் ஆயிரம் தடவை தலையாட்டியிருப்போம்.

ஒரு சாயங்காலம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் தொண்டைக்கு ஸ்பீக்கரே தேவையில்லை, போனே தேவையில்லை.

"அண்ணே, நான் மார்க்கெட் ரோட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். உங்க நம்பர் ஒருத்தர் குடுத்தாரு. எங்க குட்டிக்கு ஒரே பூச்சிண்ணே, நாள் பூரா சொறிஞ்சுட்டே இருக்கு."

"குட்டிக்கு என்ன வயசும்மா?"

"மூணு முடிஞ்சிருச்சு. ஆனா எனக்கு எப்பவும் குட்டிதான்."

"குளிக்க விடுமா?"

"ஐயோ, தண்ணிய எடுத்தாலே தெரு பூரா கேக்கும் அது கத்தறது."

"எல்லாக் குட்டியும் அப்படித்தாம்மா. நாளைக்குக் காலையில சாமான் வரும். கழுத்துலருந்து வால் வரைக்கும் நல்லா தேய்ச்சு விடுங்க."

போனை வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். குட்டி என்றால் எங்கள் இருவர் காதிலும் நாய்க்குட்டிதான் விழுந்தது.

மறுநாள் காலை சிவப்பு மூடி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த வழியாக டியூப் வாங்கப் போனேன். ஜெராக்ஸ் அக்கா கடை தீப்பெட்டி அளவுதான். மெஷினை வைத்த பிறகு மிச்ச இடத்தில் அக்காவின் மூச்சு மட்டும்தான் நிற்க முடியும். மெஷினின் மேல்மூடி சூட்டில் ஒரு மஞ்சள் பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது. அக்கா அதை ஒரு கையால் தூக்கிப்பிடித்துக்கொண்டே மறுகையால் காகிதம் வைத்தார்.

"வர்ற காப்பியில எல்லாம் ஒரு முடி விழுதுக்கா. பட்டா, பத்திரம் எல்லாத்துக்கும் மீசை வெச்சுக் குடுக்கறீங்க" என்றேன்.

"இருக்கட்டும் பஞ்சர் தம்பி. அசல் எது, எங்க கடை காப்பி எதுன்னு தெரிய வேணாமா?"

சிரித்தோம். பாட்டிலைக் கொடுத்தேன். நாய் உள்ளே எங்கேயாவது கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே என்று ஒரு இடமே அந்தக் கடையில் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது. அக்கா அழுகிற குரல்.

"அண்ணே, குட்டி வாயில எச்சில் ஊத்திக்கிட்டே இருக்கு. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மெஷின் மேல ஏறப் பாத்து ஏற முடியாம கீழ விழுந்துருச்சு."

"மெஷின் மேல எதுக்கும்மா நாயை ஏத்தறீங்க?"

"நாயா? பூனைண்ணே அது!"

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நான் கையிலிருந்த டயரைக் கீழே போட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கம்மா. உடனே."

"ஆட்டோவுலதான் போய்க்கிட்டிருக்கேன். என்ன மருந்துன்னு கேட்டா என்னண்ணே சொல்ல? பாட்டில்ல ஒண்ணும் எழுதலையே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வேப்பெண்ணெய்னு சொல்லுங்க."

போன் அணைந்தது. வேப்பெண்ணெய் என்றால் ஒன்பதில் ஒன்று. மற்ற எட்டு? அவர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டை பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் நான் அமுக்கி வைத்திருந்த டியூபிலிருந்து குமிழி ஒவ்வொன்றாக வந்தது. ஏழெட்டுக் குமிழி வந்திருக்கும். திடீரென்று எழுந்தார்.

"வண்டிய எடுடா."

எடுத்தேன். பின்சக்கரத்தில் காற்றில்லை. ஊர் வண்டிக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற என் வண்டி பஞ்சர். வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு வருடம் என்னை ஓட்டியிருப்பார். அன்று ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயது. நான் பின்னால் ஓடினேன். பதினோரு வருடமாக எதிர்ச்சாரியில் நடந்த மனிதர், அந்த வாசலுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார்.

உள்ளே மேஜைமேல் பூனை. அது பூனை மாதிரியே இல்லை. நனைந்த துணி மாதிரி கிடந்து வெட்டி வெட்டி இழுத்தது. இளவயது டாக்டரம்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "வெறும் வேப்பெண்ணெயா? நல்லா தெரியுமா?"

"அப்படித்தாங்க சொன்னாரு..."

"இல்லைங்கம்மா" என்றார் அண்ணன் வாசலிலிருந்தே. "நான் பொய் சொன்னேன். கற்பூரம் இருக்கு. பாட்டிலுக்கு ஒரு கைப்பிடி. யூகலிப்டஸ் தைலம் இருக்கு." நாய், பூனை, கிளிக்கூண்டு எல்லாவற்றோடும் பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒன்பதையும் சொன்னார். எது எவ்வளவு, எவ்வளவு நேரம் காய்ச்சினது, எல்லாம். நான் ஒரு கிணறு தேநீர் கொடுத்தும் வாங்க முடியாததை மூச்சிரைக்க ஒரே வரியில் கொட்டினார்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "எத்தனை மணிக்குத் தடவினீங்க?" என்று அக்காவைக் கேட்டார். முதலில் ஒரு ஊசி, நடுக்கம் அடங்க. அந்த ஊசி ஏறுவதற்குப் பூனையின் முன்னங்காலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே அண்ணன் ஒரு துண்டை எடுத்துப் பூனையைச் சுற்றி, காலை மட்டும் வெளியே விட்டுப் பிடித்தார். ஊசியைத் திட்டாத நாளே இல்லாதவரின் கை. கொஞ்சம்கூட ஆடவில்லை.

நடுக்கம் குறைந்ததும் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த எண்ணெயைக் கழுவினார்கள். மூன்று தடவை. அறை முழுக்க அவர் வீட்டு வாசனை.

"இங்க வேலை பாத்தவரா?" என்றார் டாக்டரம்மா, கையைப் பார்த்துக்கொண்டே.

"பன்னிரண்டு வருஷங்கம்மா."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

அந்தக் கதைதான் எனக்கு மனப்பாடமாயிற்றே, ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பூனையின் காதுக்குள் இருந்த நுரையை விரலால் வழித்துக்கொண்டே சொன்னார்:

"என் நாய்க்குப் பூச்சிக்குன்னு பத்து நாள் பூண்டு அரைச்சுக் குடுத்தேம்மா. ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. இதே மேஜைதான். பெரிய டாக்டர் என்ன குடுத்தேன்னு கேட்டாரு. ஒண்ணும் குடுக்கலைன்னேன். நம்ம ஆளு, எல்லாம் தெரிஞ்சவன்னு பேர் எடுத்திருந்தேன் பாருங்க. அவரு நம்பி வேற ஊசியப் போட்டாரு."

தண்ணீர்க் குழாயை மூட மறந்திருந்தார்கள், அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கேட்டார்:

"இதுவும் போயிருமாம்மா?"

"தெரியல. ரெண்டு நாள் பாக்கணும். நீங்க வந்து சொல்லலைன்னா நான் பூச்சி மருந்து விஷம்னு நினைச்சு வேற வழியில போயிருப்பேன்."

அக்கா அதுவரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதும் திரும்பவில்லை. "போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த இரண்டு நாள், மூன்றாவது மாடியில் அடுப்பு எரியவில்லை. அண்ணி கீழே வந்து, "என்ன பஞ்சரு, உங்கண்ணன் சாப்பிட மாட்டேங்கறாரு. சிவப்பு மூடிய எல்லாம் எடுத்துக் குப்பையில கொட்டிட்டாரு. நான் கிண்டல் பண்ணாக்கூட திருப்பிப் பேச மாட்டேங்கறாரு" என்றார். முப்பது வருடச் சண்டை நின்றுபோனதில் அவருக்கே பயம் வந்துவிட்டது.

நான் ஏதோ சாக்கு வைத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ரேஷன் அட்டையை நீட்டினேன். அக்கா பேசாமல் காப்பி எடுத்துக் கொடுத்தார். வெள்ளையான காப்பி. ஒரு கோடு இல்லை, முடி இல்லை. அக்காவும் அதைத்தான் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு அன்று ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

மூன்றாம் நாள் பூனை தண்ணீர் குடித்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. அது சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. அண்ணனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சீப்பு, சுத்தமான தண்ணி, பூசணிக்காய், நடை. இதெல்லாம் நானே சொல்றதுதான், தாராளமா சொல்லுங்க. கற்பூரம் நாய்க்கும் வேணாம். எதைக் குடுத்தாலும் என்ன இருக்குன்னு எழுதிக் குடுங்க."

எழுதுவதில் அண்ணனும் நானும் ஒரே வகுப்பில் நின்றவர்கள். மூன்றாம் வகுப்போடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கடையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினார். முதல் வரி: "நாயா, பூனையா? முதலில் சொல்லவும்." அடியில், என்னென்ன செய்யலாம், என்னென்ன தொடக்கூடாது. தொடக்கூடாததில் முதலில் பூண்டு. கடைசியில், "ஆஸ்பத்திரியில் கேட்டால் மறைக்காமல் சொல்லவும்."

இப்போதெல்லாம் போனை எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. "நாயா, பூனையா?" என்றுதான் ஆரம்பிப்பார். அண்ணியின் தம்பி வேறு ஊரிலிருந்து கூப்பிட்டு, இந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை.

அந்தத் தாளை நூறு காப்பி எடுக்க அவரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். நான் கூடப் போனேன். அவர் படியேறவில்லை, கீழே நின்றே நீட்டினார். அக்கா வாங்கிப் படித்தார். மெதுவாக, கடைசி வரி வரைக்கும். மெஷின்மேல் சாய்ந்த தலையோடு படுத்திருந்த குட்டி, அண்ணனின் வாசனை பட்டதும் எழுந்து, அக்காவின் தோளுக்குப் போய்விட்டது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா மூடியைத் திறந்து தாளை வைத்தார். வெளிச்சம் ஓடியது. முதல் காப்பி வந்தது. முதல் வரிக்குக் குறுக்கே, வளைந்து, ஒரு முடி.

"இருங்க, துடைச்சிட்டு எடுக்கறேன்" என்றார் அக்கா. ஆஸ்பத்திரியில் "போங்கண்ணே" என்றதற்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"வேணாம்மா" என்றார் அண்ணன். "நூறுலயும் இருக்கட்டும்."