அஞ்சலைக்கா என்ன பேசுவார்?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மச்சான் சேவியர் நிற்கிறான். முகம் உர்ரென்று இருக்கிறது.

"மாமா, வண்டிய எடுங்க. பிச்சாவரம் போறோம். கேமராவத் தூக்கிக்கினு இனிமே ஊருக்குள்ள வராதன்னு அஞ்சலைக்கா சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்க பெரிய மனுஷன், வந்து பேசுங்க."

நான் பெரிய மனுஷன் என்பது என் மனைவி வீட்டாருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

சேவியர் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ட்ரோனைப் பறக்கவிட்டு, மாப்பிள்ளையை ஸ்லோமோஷனில் நடக்கவைத்துப் பிழைக்கிறான். மனசு மட்டும் டாக்குமென்டரியில் கிடக்கிறது. பிச்சாவரம் காட்டுப் பக்கம் வலையில்லாமல், வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்களைப் பற்றி ஒரு படம். அதில் முக்கியமானவர் அஞ்சலைக்கா.

சினிமாவுக்கு உதவுகிற ஓர் அரசு ஆபீஸ் நிதி தர ஒப்புக்கொண்டது. முதல் தவணையும் வந்தது. பாதிப் படம் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்தா சீர்திருத்தம் வர வேண்டும்?

டாக்குமென்டரிக்கு ஒன்று, கதைப்படத்துக்கு ஒன்று, விழா நடத்த ஒன்று என்று இருந்த ஆபீஸ்களை ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே ஜன்னல், இனி அலைச்சலே இல்லை என்றார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சேவியர் போன் போட்டான்.

"அந்த ஆபீஸே இப்ப இல்ல சார்."

"அப்ப என் ஃபைல்?"

"ஃபைல் பத்திரமா இருக்கு சார். அதப் பாக்க வேண்டிய செக்‌ஷன்தான் இன்னும் உருவாகல."

மாதக்கணக்கில் இதே பாட்டு. ஒருவழியாக செக்‌ஷன் உருவானது... கூடவே புது விதியும். படத்தில் வருகிறவர்கள் பேசப்போகும் வசனம் முழுவதையும் முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் அடுத்த தவணை. கதைப்படமோ டாக்குமென்டரியோ, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்!

கூத்து என்ன தெரியுமா? பிடித்த இறாலைப் போட அந்தப் பெண்களிடம் 'பறி' என்று ஓர் ஓலைக்கூடை இருக்கும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பறியை வாயில் கடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் நகர்வார்கள். வேலை முடிகிறவரை பேச்சே கிடையாது. பல்லில் பறியோடு இருக்கிறவருக்கு என்ன வசனம் எழுதுவது? சேவியர் அந்தக் காட்சியையே சாம்பிளாக அனுப்பி விளக்கினான். 'வசனப் பகுதி காலியாக உள்ளது' என்று மனு திரும்பி வந்தது.

இதற்குள் ஐப்பசி நெருங்கிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஒன்றும் எடுக்க முடியாது. அதற்குள் மிச்சத்தை முடித்தால்தான் படம், இல்லையென்றால் எடுத்த பாதியும் வீண். ஆபீஸை நம்பிப் பயனில்லை, நாமே முடித்துவிடுவோம் என்று சேவியர் கிளம்பினான் — அன்றைக்குப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றத் தொடங்கியது.

சீர்திருத்தத்தைப் பற்றி அந்த ஆபீஸே தயாரித்த விளம்பரம். பின்னணியில் புல்லாங்குழல். திரை முழுக்க நம் அஞ்சலைக்கா! சேவியர் அனுப்பிய அதே சாம்பிள். கீழே 'புதிய வேகம்' என்று கொட்டை எழுத்து. வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

ஊர் என்ன நினைக்கும்? படம் முடிந்துவிட்டது, சேவியர் விற்றுவிட்டான், நம்மிடம் மூச்சுவிடவில்லை. அவ்வளவுதான்.

பழக்கதோஷத்தில் சேவியர் கேமராவையும் தூக்கிக்கொண்டு வர, நாங்கள் போனபோது அஞ்சலைக்கா பறியோடு கரையில் நின்றிருந்தார்.

"படம் வந்துடுச்சே தம்பி. மருமவ போன்ல காட்டிச்சு. எங்களுக்குக் காட்டணும்னு தோணல, இல்ல?"

"அது நான் போட்டது இல்லக்கா. ஆபீஸ்காரங்க போட்டது."

"அவுங்க எப்ப இங்க வந்தாங்க?"

பெரிய மனுஷன் வாயைத் திறந்தேன். ஆபீஸ்கள் ஒன்றானது, செக்‌ஷன் உருவானது என்று சொல்லச் சொல்ல, நானே பொய் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. வசன விதியைச் சொன்னதும் அஞ்சலைக்கா நிறுத்தினார்.

"நான் என்னா பேசுவேன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமாங்க."

"வாயில பறியக் கடிச்சிக்கினு நான் போறதத்தானே விளம்பரத்துல போட்டிருக்காங்க? அத அவுங்களே பாக்கலியா?"

அதை அந்த ஆபீஸில்தான் கேட்க வேண்டும்.

அஞ்சலைக்கா பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். சேவியரின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளம்பலாம் என்று அவன் தோளைத் தொட்டேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவர் திரும்பினார். பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னா பாத்துக்கினு நிக்கற? மழ வர்றதுக்குள்ள எடு. எடுத்து மொதல்ல எங்க ஊர்ல போடு. அந்த ஆபீஸ்காரங்கள வரச்சொல்லி, கடைசி வரிசையில ஒக்கார வை!"

மறுபடி பறி வாய்க்குப் போனது.

சேவியரின் கேமரா எப்போதோ ஓடத் தொடங்கியிருந்தது. தாலி கட்டுகிற நொடி தப்பிவிடுமோ என்று பயந்தே பழகிய கை அது.

படத்தின் ஒரே வசனம் அதுதான். முன்கூட்டி எழுதித் தரவில்லை... யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்!