ஒரே கோப்பாகத் தரவும்

சென்ற கிழமை என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். யாரோ ஒருவர் ஒரு நூலகத்தின் மூலநிரல் முழுவதையும் அப்படியே தன்னுடைய சி நிரலுக்குள் கொண்டுவந்து போட்டிருந்தார். "இது என்ன கூத்து மிஸ், அழிச்சிடட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து தேநீர் வாங்கப் போனேன். வாங்காமலே திரும்பி வந்தேன். அன்றைக்கு முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு இதெல்லாம் தலைவலி என்று தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நூலகம் என்று சொல்வது வேறு யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல்தொகுதி. நான் சொல்கிற நூலகத்தின் வேலை காத்திருப்பது. பல பக்கமும் ஒரே நேரத்தில் காது கொடுத்துக்கொண்டு, எங்கே ஏதாவது நடக்கிறதோ அங்கே மட்டும் ஓடுவது. வகுப்பில் இதைப் படம் போட்டு விளங்கப்படுத்தினார்கள். என் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் கமலா அக்காவின் ஆறு அடுப்பு ஞாபகம் வந்தது, அதோடு விளங்கிவிட்டது.

சுனாமி முடிந்த கையோடு வாகரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் இருந்தது. சித்தாண்டியிலிருந்து உதவிக்குப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. சேற்று வாடையும் ஈர விறகுப் புகையுமாக மூச்சு முட்டும். அந்தப் புகைக்குள் ஒரு பெண் ஆறு அடுப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அடுப்பின் முன்னும் காவல் நிற்கமாட்டார். எது பொங்குகிறதோ அங்கே போவார், கிளறுவார், அடுத்ததற்குத் திரும்புவார். அவர்தான் கமலா அக்கா. எனக்குத் தந்தது வெங்காயம் உரிக்கிற வேலை. "இதென்ன புள்ள, வெங்காயத்த உரிக்கிறியா, கொல்லுறியா?" என்று கேட்டார். சிரித்தேன். அவருடைய தாயைக் கடல் கொண்டுபோய் இரண்டு கிழமைகூட ஆகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வன்னியில் வாழ்க்கைப்பட்டவர், செய்தி கேட்டு பஸ் ஏறி வந்திருந்தார். அது வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். முப்பத்தோராம் நாள் கிரியையை முடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருடைய தம்பி சுகந்தன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை போனான். அதற்குப் பிறகு பாதையும் மூடப்பட்டது, சண்டையும் வந்தது.

சுகந்தனும் நானும் பிறகு மட்டக்களப்பு டவுனில், வாவியைப் பார்த்த ஒரு வீட்டில் நடந்த சிறிய உதவி அலுவலகத்தில் ஒன்றாக வேலை செய்தோம். போர் முடிந்த வருடம் அது. வன்னியிலிருந்து வெளியே வந்த சனத்தை வவுனியாப் பக்க முகாம்களில் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் வன்னியில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார்கள். காலையில் கேற்றைத் திறக்க முதலே ஆட்கள் நிற்பார்கள். "எங்கட புள்ளையிட பேர் இருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க."

எங்களால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பெயரைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், முகாம்களின் பட்டியலில் தேடிப் பதில் அனுப்பும் ஒரு நிரலை எழுதலாம் என்று தொடங்கினோம். வவுனியாவில் இன்னோர் அலுவலகம் தன் பழைய கணினி ஒன்றையும் மூன்று தொலைபேசிகளையும் தர ஒத்துக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான்: கணினியில் எதையும் நிறுவக் கூடாது, நிரலை ஒரே கோப்பாகத் தரவும். அந்தக் காத்திருக்கும் நூலகம் அங்கே கிடையாது. அதனால் அதன் மூலநிரலையே எங்கள் நிரலின் வயிற்றுக்குள் போட்டோம். கோப்பு ஒன்றுதான், நூலகமும் அதற்குள்ளேயே வந்துவிடும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

வேலையைப் பாதி பாதியாகப் பிரித்தோம். கேள்வியை வாங்குவது என் பகுதி, பதிலை அனுப்புவது அவன் பகுதி. நூலகம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காவலாளை நிறுத்தும். அந்தக் காவலாளின் பையில் கேட்டவரின் இலக்கத்தை வைக்கலாம். எனக்குப் பை சிறிதாகப்பட்டது, என் பகுதியின் தலைப்பில் ஒரு வரி எழுதிப் பெரிதாக்கினேன். சுகந்தனின் பகுதியில் அந்த வரி இல்லை. இப்படி உள்ளே போடுகிறவர்கள் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அமைப்பை வைக்க வேண்டும் என்று நூலகத்தை எழுதியவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நெற் கஃபேயில் அச்செடுத்து, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வாசித்தவள் நான்.

ஒரு கேள்வி மட்டும் வந்தால் எல்லாம் சரியாக நடந்தது. நாங்கள் பரிசோதித்ததும் ஒவ்வொரு கேள்வியாகத்தான். இரண்டு மூன்று கேள்விகள் சேர்ந்து வந்தபோது, பை பழைய அளவுதான் என்று நினைத்துச் சுகந்தனின் பகுதி கையை விட்ட இடத்தில் பக்கத்து ஆளின் பை இருந்தது.

முதல் நாளே சுகந்தன் அக்காவின் பெயரை அனுப்பினான். "பெயர் உண்டு. நான்காம் பிரிவு" என்று பதில் வந்தது. தமிழில் நீட்டினால் செய்தி இரண்டாக உடையும் என்பதற்காகப் பதிலில் பெயரை நாங்கள் எழுதவில்லை. அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து முற்றத்துக்கு ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். அடுத்த நாள் வாகரைக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். "அக்காக்குக் கருவாடு இல்லாட்டிச் சோறு இறங்காது." சவர்க்காரம், இரண்டு சட்டை, கருவாடு எல்லாம் சேர்த்துப் பார்சல் கட்டி, வவுனியாவுக்கு வாகனம் போகும்வரை மேசையில் வைத்தான். மூன்று நாள் அலுவலகம் முழுக்கக் கருவாடு மணத்தது.

நான்காம் நாள், யார் யாரைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்ற பதிவேடு வவுனியாவிலிருந்து வந்தது. வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனேன். நான்காம் பிரிவில் இருந்தது வேறொரு பெண். அவளைக் கேட்டிருந்தது கரடியனாற்றிலிருந்து ஒரு தகப்பன். அவருக்குப் போன பதில்: "பெயர் இல்லை." சுகந்தனிடம் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. என் பிழை என்று மட்டும் சொன்னது ஞாபகமிருக்கிறது. அவன் பதிவேட்டை வாங்கி அந்த இரண்டு வரிகளையும் தானும் பார்த்தான். பிறகு பார்சலை எடுத்தான். "அந்த மனிசன் நாலு நாளா என்ன பாடு படுறாரோ. வாங்க, போவம்" என்றான்.

திருத்தச் செய்தி ஒன்று அனுப்பினால் போதுமே என்றேன். இனி அந்தச் செய்தியை யார் நம்புவார்கள் என்று கேட்டான். செங்கலடிச் சந்தியில் திரும்பி, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பார்சலை அவிழ்த்துக் காட்டிக் கட்டி, மத்தியானத்துக்குக் கரடியனாற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். மனிதர் வட்டையில் நின்றார், தன் வயல்வெளியில். சேற்றுக் காலோடு வரம்பில் ஏறி வந்தார்.

"உங்கட மகள் இருக்கிறா ஐயா. நாலாம் பிரிவு. எங்கட பிழையால மாறிப் போயிற்று" என்றான் சுகந்தன்.

அவர் வரம்பிலேயே குந்திவிட்டார். "பேரை இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி." சொன்னான். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னான். "உங்களுக்கும் ஆரும் அங்கால இருக்காங்களா?"

"அக்கா ஒராள். தேடுறம் ஐயா" என்று சொல்லிப் பார்சலை நீட்டினான். "புள்ளைக்குச் சாமான் அனுப்பக்குள்ள இதையும் சேர்த்து அனுப்புங்க."

அலுவலகத்துக்குத் திரும்பினோம். வந்ததும் அந்த ஒரு வரியை இரண்டு பகுதிக்கும் பொதுவான இடத்துக்கு மாற்றினேன், பதிலில் பெயரையும் சேர்த்தேன். பிழையாகப் பதில் போன மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொன்னோம். அதற்குப் பிறகு நிரல் ஒரு தரமும் தவறவில்லை. சுகந்தன் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அக்காவின் பெயரை அனுப்புவான். பக்கத்து மேசையில் அவனுடைய தொலைபேசி அதிரும். அவனுக்குரிய பதில், அவனுக்கே, அக்காவின் பெயரோடு வரும்: இல்லை.

பிறகு முகாம்களை மூடினார்கள். பட்டியல் நின்றது. அலுவலகம் நடந்த வீட்டில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள், சோதனைச் சாவடிகள் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. சுகந்தன் கட்டாருக்குப் போனான், அவனுடைய பழைய இலக்கத்துக்கு எடுத்தால் பாவனையில் இல்லை என்கிறது. அவனிடம் நான் ஒன்றைச் சொல்லவேயில்லை. அந்தக் காலைகளில் அவனுடைய தொலைபேசி அதிரும்போதெல்லாம், நான் எழுதியதில் இன்னும் ஒரு பிழை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.