வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எர்சீலியா கிலியோனே ஜெனோவாவை விட்டுக் கப்பலேறியது 1957 நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அண்ணன் அகொஸ்தீனோ வேலை உடுப்போடேயே வழியனுப்ப வந்திருந்தான். பத்திரிகை ஆபீசிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், செய்திப் பிரிவின் தலைவர் ஷக்கலூகா. அவரும் குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நியூயார்க்குக்கு நிரந்தரமா ஒரு ஆம்பளையைப் போடற வரைக்கும் நீ பாத்துக்க. நடிகைங்க, கல்யாணம், புதுசா வர்ற கவுனு. அரசியல் பக்கம் போயிடாத, புரியுதா?"

"அந்த ஆம்பளை எப்ப வருவாரு டாக்டர்?" இத்தாலியில் பத்திரிகை ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த எல்லோருமே டாக்டர்தான்.

"ஒரு ஆறு மாசம்."

அண்ணன் சிரித்தான். "நல்லாத் தேடுங்க டாக்டர். கிடைக்கலன்னா சொல்லுங்க, பாரந்தூக்கியில நானே ரெண்டு பேரைத் தூக்கிக் கப்பல்ல போட்டுடறேன்."

அந்த ஆம்பளை வரவே இல்லை. எர்சீலியா நாற்பத்தாறாம் தெருவில் ஓர் அறையில் தட்டச்சு எந்திரத்தோடு உட்கார்ந்து, நடிகைகளின் கல்யாணத்தில் தொடங்கி, தேர்தல், வேலைநிறுத்தம், ராக்கெட் என்று எல்லாவற்றையும் எழுதினாள். தினமும் சாயங்காலம் ஜெனோவாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, சுருக்கெழுத்து எடுக்கும் ஒலிந்தோவிடம் வரி வரியாகச் சொல்லுவாள். மறுநாள் அது 'எ.கி.' என்ற இரண்டெழுத்தோடு வெளிவரும். முழுப்பெயர் நிரந்தர நிருபர்களுக்கு மட்டும் என்பது ஆபீஸ் விதி. அவள் தற்காலிகம். நான்காவது வருஷமும் தற்காலிகம்.

பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால் மட்டும் ஜெனோவாவிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து இறங்குவார். குவால்தியெரோ பெதெமோந்தே, பத்திரிகையின் சிறப்பு நிருபர். ஓட்டலில் குளித்துவிட்டு, எர்சீலியா அலைந்து சேகரித்ததை வாங்கிப் படிப்பார். அதில் ஒரு சூரிய அஸ்தமனத்தைச் சேர்ப்பார். தன் பெயரை மேலே போட்டு அனுப்பிவிட்டு ஊர் திரும்புவார். அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர்கள் ஆபீசில் நிறையப் பேர்.

1961 மார்ச்சில் ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோக்கனில் ஒரு தையல் பட்டறை எரிந்தது. மூன்றாவது மாடி. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் நான்கு பெண்கள் செத்துப்போனார்கள். அதில் இரண்டு பேர் ஜெனோவாவுக்குப் பின்னால் மலைக்குள் இருக்கிற ஃபொந்தனாபுவோனா பள்ளத்தாக்குப் பெண்கள். நம்மூர்ச் சாவு என்றதும் பெதெமோந்தே வந்து இறங்கினார்.

அவர் ஹோபோக்கனுக்குப் போகவே இல்லை. பட்டறை முதலாளியோடு மன்ஹாட்டனில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். கதவைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தது கண்காணிப்பாளர் கொலோம்பா ஃபொப்பியானோ என்று முதலாளி சொன்னார். பெதெமோந்தே அப்படியே எழுதினார். கொலோம்பாவும் அதே பள்ளத்தாக்குக்காரி. 'கதவைப் பூட்டியவள் நம் ஊர்க்காரி' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. வேலை முடிந்தது, விமானம் ஏறினார்.

இந்த ஒரு தடவை எர்சீலியாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஹோபோக்கனுக்குப் போனாள். கொலோம்பா வீட்டுப் படியில் யாரோ குப்பைத் தொட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"பத்திரிகையா? போ போ. ஒருத்தன் எழுதினதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்."

"அக்கா, ஒரு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்" என்று எர்சீலியா ஜெனோவாப் பேச்சிலேயே சொன்னாள்.

கதவு முழுசாகத் திறந்தது. "எங்க பக்கத்துப் பொண்ணா நீ? இதை முதல்லயே பேசறதுக்கென்ன, வாய் வலிக்குதா? உள்ள வா."

கொலோம்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. காப்பிக் கிண்ணத்தைக்கூட அவளால் தூக்க முடியவில்லை. எர்சீலியாதான் போட்டு, ஆற்றி, குடிக்கக் கொடுத்தாள்.

"நான் உள்ள இருந்தேன். இந்தக் கையைப் பாரு, கதவை அடிச்ச கை. வெளிய இருக்கற தாழ்ப்பாளை உள்ள இருக்கறவ எப்படிப் போடுவா? சொல்லு, உன் படிப்புல அப்படி ஏதாவது இருக்கா?"

"வெளியிலயா தாழ்ப்பாள்?"

"காலையில நாங்க உள்ள போனதும் முதலாளியோட மச்சான் வந்து போட்டுட்டுப் போவான். சங்கத்துக்காரங்க உள்ள வந்துடக்கூடாதாம், பொண்ணுங்க படிக்கட்டுல நின்னு பேசக்கூடாதாம். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திறப்பான். சாவியாம் சாவி! அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது."

அவள் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "ஊர்ல எங்கம்மா கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டா. அவ உக்கார்ற பெஞ்சுலேருந்து மத்தவங்க எந்திரிச்சுப் போறாங்களாம். செத்துப்போன பிள்ளைங்களோட அம்மாங்களும் அந்தக் கோயிலுக்குத்தானே வருவாங்க. அமெரிக்காக்காரன் என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்கட்டும். அந்தப் பேப்பர்ல, அதே பேப்பர்ல வரணும். செய்வியா?"

"செய்வேன்" என்றாள் எர்சீலியா.

எரிந்த கட்டிடத்தின் பின்முற்றத்தில் அந்தக் கதவு கிடந்தது. வெளிப்பக்கத்தில் வளைந்துபோன இரும்புத் தாழ்ப்பாள், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. கோடாலியால் அதை உடைத்த தீயணைப்புக்காரர் ஒரு ஐரிஷ்காரர்; என் பெயரையே போட்டுக்கொள் என்றார். அன்று சாயங்காலம் எர்சீலியா எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது மறுமுனையில் ஒலிந்தோ பெருமூச்சு விட்டார்.

"நல்லா இருக்கு தாயி. ஆனா போடமாட்டாங்க."

போடவில்லை. எர்சீலியா ஷக்கலூகாவை அழைத்தாள்.

"மிலான் பேப்பர்ல வந்திருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல."

"ரோம்ல?"

"இல்ல டாக்டர், எனக்கு மட்டும்தான் கிடைச்சது."

"உனக்கு மட்டும் கிடைச்சா அது எப்படி உண்மையா இருக்கும்?"

"நான் கண்ணால பாத்தேன்."

"பெதெமோந்தே பாக்கலியே."

எர்சீலியா தொலைபேசியை வைத்த வேகத்தில் அதன் காதில் வைக்கும் முனை உடைந்தது. இதுதான் அந்தத் தொழிலின் நியாயம். மற்றவர்களிடம் இருந்து உன்னிடம் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் ஓட்டை. அதற்காக உன்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். உன்னிடம் மட்டும் இருந்தால் நீ கதை விடுகிறாய். இந்த ஓட்டைக்குப் பயந்துதான் நியூயார்க்கில் இருந்த இத்தாலிய நிருபர்கள் தினமும் மதியம் ஒரு காப்பிக்கடையில் கூடி, இன்று யார் என்ன அனுப்புவது என்று பேசிவைத்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒன்றையே எழுதினால் யாருக்கும் வசவு இல்லை. எர்சீலியாவுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே குமட்டும். நான்கு வருஷத்தில் கையில் இருந்ததை அவள் அங்கே ஒருநாளும் விரித்ததில்லை.

மறுநாள் மதியம் போனாள். மிலான் பத்திரிகையின் மல்வேத்ஸி, ரோம் பத்திரிகையின் கத்தபிரீகா இருவர் முன்னாலும் தாழ்ப்பாள் கதை முழுவதையும் சொன்னாள்.

மல்வேத்ஸி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உனக்குக் காய்ச்சலா? ஜெனோவாக்காரங்க பழைய பேப்பரைக்கூடச் சும்மா தரமாட்டீங்களே!"

"உன் பேப்பர்ல வந்தாத்தான் என் பேப்பர் நம்பும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்தத் தீயணைப்புக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். "ஓட்டை உன் தலையிலதான் விழும். தெரியுமில்ல?"

"தெரியும். நல்லா எழுது, சூரியன் மறையற மாதிரி எதுவும் சேர்க்காத."

இரண்டு பத்திரிகையிலும் வந்த அன்று ஷக்கலூகா கத்தின கத்தலுக்குத் தொலைபேசியே வேண்டியிருக்கவில்லை.

"மிலான்ல இருக்கு, ரோம்ல இருக்கு, செத்ததென்னவோ நம்மூர்ப் பொண்ணுங்க! நீ அங்க உக்காந்து என்ன பண்ற, நகத்துக்குச் சாயம் பூசறியா?"

"டாக்டர், இதை நான் உங்களுக்கு முன்னாடியே..."

"பழங்கதை வேணாம். இப்பவே ஒலிந்தோகிட்ட சொல்லு. பெதெமோந்தே பேர்ல போடறோம்."

"அவர் பேர்லயா?"

"முதல்ல எழுதினவர் அவர். அவரே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி இருந்தாத்தான் பேப்பருக்கு மரியாதை."

இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சாதாரணமாக ஒருத்தர் சொல்ல முடியுமா? பேசாமல் தொலைபேசியை வைத்துவிடலாம் என்று எர்சீலியாவுக்குத் தோன்றியது. வைத்தால் கோயிலில் அந்தப் பெஞ்சு காலியாகவே கிடக்கும்.

"மேல எந்தப் பேரை வேணா போட்டுக்குங்க" என்றாள். "உள்ள கொலோம்பா ஃபொப்பியானோங்கற பேர் முழுசா வரணும். அவ பூட்டலன்னு முதல் வரியிலயே வரணும். அதே முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும், உங்க சிறப்பு நிருபர் எங்க சாப்பிட்டார், யார்கூட சாப்பிட்டார்ங்கறது மல்வேத்ஸிக்கு நாளைக்குப் போகும்."

மறுமுனையில் "ஒலிந்தோ, லைன்ல வா" என்று மட்டும் கேட்டது.

அவள் கேட்டபடியே வந்தது. அடுத்த மாதம் கொலோம்பா, கட்டு அவிழ்த்த கையில் அந்தப் பத்திரிகையோடு நாற்பத்தாறாம் தெருவுக்கே வந்து நின்றாள்.

"யார்றி இவன்?" பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"முன்னால பொய் எழுதினவர்தான்."

"அவனா? அவன் மூஞ்சியை நான் பாத்தது கூடக் கிடையாது! எங்க ஊர்ப் பாதிரியார் பூசையில அவன் பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டாராம். எங்கம்மா அவனுக்காக மெழுகுவர்த்தி ஏத்தினாளாம். நீ ஏன் சும்மா விட்ட?"

"உங்கம்மா பெஞ்சுல உக்கார்றாங்களா?"

"நடுவுல உக்கார்றா."

"அப்ப விடுக்கா."

"நான் விடமாட்டேன்" என்றாள் கொலோம்பா. ஊருக்குத் தன் கைப்பட எழுதி அனுப்பினாள். ஆனால் அச்சில் வந்ததைத்தான் ஊர் நம்பியது.

அந்த வருஷம் பெதெமோந்தேவுக்குத் துணிச்சலான நிருபர் என்று ஒரு பரிசு கிடைத்தது. எர்சீலியாவுக்கு, பிற பத்திரிகைகளுக்குப் பின்தங்கிச் செய்தி அனுப்பியதற்காக எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது. அவள் நிருபர்கள் சங்கத்தில் முறையிட்டாள். பத்திரிகையின் உள்விவகாரத்தில் தலையிட இயலாது என்று பதில் வந்தது. அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர் பெதெமோந்தே.

அவள் வேலையை விடவில்லை. தான் எழுந்தால் அந்த நாற்காலியில் இன்னொரு பெதெமோந்தே உட்காருவான் என்ற கோபமே அவளை அங்கே பிடித்துவைத்திருந்தது. சுரங்கங்கள், சிறைகள், பழத்தோட்டக் கூலிகள் என்று அமெரிக்கா முழுக்கச் சுற்றினாள். ஷக்கலூகா ஓய்வுபெற்றார், ஒலிந்தோ செத்துப்போனார், தொலைபேசி போய் டெலெக்ஸ் எந்திரம் வந்தது. அவள் பெயருக்கு எழுத்துகள் மட்டும் அதே இரண்டுதான்.

1984 அக்டோபரில் ஒரு பகல் அந்த எந்திரம் ஜெனோவாவிலிருந்து தட்டத் தொடங்கியது. அவள் இதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு புதிய ஆசிரியர் அனுப்பிய செய்தி:

'பெதெமோந்தே இன்று காலமானார். ஹோபோக்கன் தாழ்ப்பாளை அவர் கண்டுபிடித்த வரலாறு அறுபது வரி வேண்டும். ஏழு மணிக்குள். உருக்கமாக இருக்கட்டும். எ.கி. என்று போட வேண்டாம்.'