மகள் ஒலி சேர்த்த படம்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருக்கு 'தீர்ப்பு' என்று பட்டப்பெயர். வெள்ளிக்கிழமை வரும் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவார். திங்கட்கிழமை காலை கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மற்ற மெக்கானிக்குகள் சூழ்ந்துகொண்டு, போகலாமா வேண்டாமா என்று கேட்பார்கள்.

மென்று விழுங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு படத்தில் ஒற்றைக் கயிறு அறுந்து லிஃப்ட் பாதாளத்தில் விழுந்தது. "அஞ்சாறு கயிறு இருக்கும், அதுக்கு மேல பிரேக் இருக்கும். இதையே விசாரிக்காதவன் காதலை மட்டும் விசாரிச்சிருப்பானா?" என்று அதன் கதையை முடித்தார். இன்னொன்று, பார்த்தவர்களெல்லாம் கொட்டாவி விட்ட படம். அதில் மனைவியை இழந்த ஒருவர் நான்கு நிமிடம் சவரம் செய்துகொள்வார். வேறு எதுவும் நடக்காது. இவர் அதை மூன்று முறை பார்த்தார். காதோரம் கொஞ்சம் மயிர் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான் படம் என்றார்.

மகளை ஆறு வயதிலிருந்து தியேட்டருக்குக் கூட்டிப்போனார். திரும்பி நடக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்பார். நன்றாக இருந்தது என்ற பதில் செல்லாது. எது, ஏன் என்று சொல்லியாக வேண்டும். அப்படி வளர்ந்தவள் சினிமாவில் ஒலி சேர்க்கும் வேலைக்குப் போனபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மூன்று வருடம் உதவியாளராக இருந்த பிறகு, ஒரு சின்னப் படத்தின் ஒலி முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்தது. முதல் காட்சிக்குப் பெற்றோரை அழைத்தாள். அப்பன் செத்துப்போன வீட்டில் மகள் தனியாக இருக்கும் கதை. முடிந்து வெளியே வந்ததும், கூட வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் நிற்க, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

முதல் பாதி இழுவை, அழவைக்க வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள், அந்த மகளுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது என்று அடுக்கினார் அவர்.

"சத்தம்?"

"சத்தத்தையெல்லாம் யாரும்மா கவனிக்கிறா?"

அவள் சிரித்தாள். வேலை இருக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்றாள். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரவில்லை. அப்பாவின் போனை எடுக்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று அவர் மனைவியிடம் முறையிட்டார். பெற்ற பெண்ணிடமும் நீதிபதியாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் மனைவி அவரோடு பேசவே இல்லை.

படம் ஒரு வாரம்தான் ஓடியது. கடைசி நாள் வேலைக்கு நடுவே பகல் காட்சிக்குத் தனியாகப் போனார். மொத்தம் பதினோரு பேர். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். குழாய் சொட்டியது. கரண்டி பாத்திரத்தில் இடித்தது. பிறகு, படத்தில் வரும் மகள் தனியாகப் படுத்திருக்கும் இடத்தில், செத்துப்போன அப்பன் கூடத்தில் நடக்கும் சத்தம் அவள் நினைப்பில் கேட்டது. ஒரு செருப்பு பட்டென்று விழுந்தது. மற்றது தரையில் இழுபட்டு வந்தது. நடுவில் ஒரு செருமல்.

அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முன் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததிலிருந்து அவருடைய வலது கால் அப்படித்தான் இழுக்கும்.

நேராக அவள் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்குப் போனார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள், உட்காரச் சொல்லவில்லை.

"அது என் நடையா?"

"ஆமா."

"படத்துக்காக எப்ப எடுத்த?"

"படத்துக்காக எடுக்கலப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி நடக்க ஆரம்பிச்சீங்கல்ல, அப்ப எடுத்தேன். நீங்க போயிட்டா இந்தச் சத்தம் இருக்காதேன்னு பயமா இருந்துச்சு."

அன்றைக்குத் தனக்குக் காதே இல்லை என்றார். இதை அன்றைக்கே அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்துத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக அவள் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"படம் எனக்கும் பிடிக்கலதான்," என்றாள். "நீங்க சொன்னதுல தப்பு இல்ல." மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அவர் பின்னால் கிடந்த நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், சாப்பிடுகிறாள், அம்மாவோடு சிரித்துப் பேசுகிறாள். அவளுடைய அடுத்த படத்தை அவர் டிக்கெட் எடுத்து இரண்டு முறை பார்த்துவிட்டார். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நல்லதாகவே. அவள்தான் இன்னும் கேட்கவில்லை.